அவள் "உங்களுக்கு" என்றாள்

8-10-83, சனிக்கிழமை.

மனநலப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு வரும் நாங்கள் ஆறு மாணவர்களும் சனிக்கிழமை காலையில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நாளைக்கு அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கப் போகிறவர்களுக்கு அதுவும் ஒரு பாடம். இன்று என் முறை.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியும், அவர் வேலை பார்த்த ஆலையில் ஷிஃப்ட் முடிகிற இரண்டு மணிச் சங்கு ஊதினால் அம்மா வீட்டு கேட்டில் போய் நிற்கிறாள் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். யாரும் எழுந்து வரவில்லை. அழுகிறவரைத் தடுக்கக் கூடாது, அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறோம். கல்பனா என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவள், வாடி போடி என்றுதான் பேசுவாள். அவள் மெல்லத் தலையை ஆட்டி, "அப்பா இல்லாதது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுன்னு சொல்றீங்க" என்றாள். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். அந்த "உங்களுக்கு" இன்னும் எரிகிறது. நானாக இருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. அம்மா கேட்டில்தான் நின்றிருந்தாள்.

"இந்த மாசத்தோட குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்டி. அதையே நெனச்சிகினு இருக்கேன். எங்க போறது நாம?"

நான் மெல்லத் தலையை ஆட்டினேன். "போக எடம் இல்லன்னு உனக்குத் தோணுதாம்மா?" என்றேன்.

அம்மா கேட்டைச் சாத்தினாள்.

"சோறு இருக்குது. போட்டு சாப்புடு" என்று உள்ளே போய்விட்டாள். தினமும் அவள்தான் போடுவாள்.