நாலாம் லயத்துப் பிள்ளை

மூங்கில்கொல்லைத் தோட்டம்,
கீழ்ப்பிரிவு, நாலாம் லயம்,
மடுல்சீமை.
10.2.1981

மதிப்புள்ள லீலாதேவி அம்மா அவர்களுக்கு,

கந்தப்பன் மனைவி வெள்ளையம்மா கும்பிட்டு எழுதுவது. கொழும்பில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். இருபதாம் தேதிக்கு முன் படித்துவிடுங்கள்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. போன ஆடியில் டாக்டர்மாரோடு வந்து வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் சீட்டுக் குலுக்கிப் போட்டீர்கள். வயிற்றோட்டம் வரும் பிள்ளைகளுக்காக நாலு லயத்து வரிசை வீடுகளுக்கு உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் கொடுப்போம், நாலு லயத்துக்குக் கொடுக்க மாட்டோம், ஒரு வருஷம் எழுதிப் பார்த்தால் பொடி உதவுமா உதவாதா என்று தெரியும் என்று சொன்னீர்கள். அப்போது எங்கள் லயத்துப் பொன்னாயி, “எங்க லயத்துக்கு கூரைத் தகரமே விழல, பொடியா விழப்போகுது”ன்னு கத்தினாள். நீங்களும் சிரித்தீர்கள். “ஆருக்கு விழுமெண்டு எனக்கும் தெரியாது. எனக்குப் பிடிச்ச ஆக்களுக்குக் குடுத்தா, பிறகு கணக்கு என்ரை மனசைத்தான் சொல்லும். சீட்டு ஆரையும் பாக்காது” என்றீர்கள். ஏழாம் லயத்துக்குப் பொடி விழுந்தது. எங்கள் நாலாம் லயத்துக்கு விழவில்லை.

அன்றைக்கு ஒரு பெண் எழுந்து, “தாய் ஒரு லயம், புள்ள ஒரு லயம்னா எதுல எழுதுவீங்க”ன்னு கேட்டாளே, அது நான்தான். “பிள்ளை எங்க படுத்து எழும்புதோ, அந்த லயம்” என்று சொன்னீர்கள். பக்கத்தில் இருந்த காத்தாயி என் தொடையைக் கிள்ளினாள். அவள் ஏன் கிள்ளினாள் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் எங்கள் வழக்கப்படி சுளகில் கிடத்தி ஏழாம் லயத்துக் காத்தாயிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றோம். விற்ற பிள்ளையைச் சாவு தேடி வராது என்பார்கள். தவிடன் என்று கூப்பிட்டோம். மூன்று வயது முடிந்ததும் கதிர்காமத்தில் மொட்டை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நேர்ச்சை. அதுவரை வெளி ஆள் முன்னால் என் பிள்ளை என்று நான் சொல்லக்கூடாது. பால் கொடுத்தது நான், படுத்தது என் பக்கத்தில். பெயருக்குத்தான் அவள் பிள்ளை.

பிள்ளைகள் பேரைப் புத்தகத்தில் எழுத உங்கள் ஆள் மர்ஸூக் நானா பதுளையிலிருந்து வந்தார். யார் பிள்ளை என்று கேட்டார். “எம்புள்ளதான் நானா, ஏழாம் லயம்”னு காத்தாயி சொன்னாள். அவன் அப்போது என் இடுப்பில்தான் இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டு, அவன் பேருக்கு நாலு பாக்கெட்டைக் காத்தாயி கையில் கொடுத்தார். அவர் வாராவாரம் அவள் வீட்டில்தான் வந்து பார்ப்பார் என்பதால் பாக்கெட்டும் அங்கேயே இருந்தது.

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. காத்தாயி குடும்பத்தோடு ஹாலிஎலவில் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஒரு வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு வயிறு போனது. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் தோட்டத்து மருந்துக்கட்டுக்குத் தூக்கிப் போனேன். டிஸ்பென்சர் பதுளைக்குப் போனவர், ரோடு உடைந்து திரும்பவில்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எங்கள் லயத்தில் சொன்னார்கள். அவன் என் குவளையை எட்டி எட்டிப் பிடித்தான். நான் பிடுங்கி வைத்தேன். ஏழாம் லயத்தில் நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மத்தியானம் கண் உள்ளே போய்விட்டது. பாக்கெட் ஞாபகம் வந்து ஏழாம் லயத்துக்கு ஓடினேன். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். காத்தாயி கதவில் பூட்டு. கல்லை எடுத்து ஓங்கிவிட்டேன் அம்மா. பூட்டின வீட்டை உடைத்தால் நாளைக்கு என்ன சொல்வார்களோ, நாலு மணி பஸ்ஸில் அவளே வந்துவிடுவாளே என்று கல்லைக் கீழே போட்டேன். பசறைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து அன்றைக்கு பஸ் வரவில்லை. ஐந்து மணிக்குப் பிள்ளை போய்விட்டான். ஒரு வயதும் நாலு மாதமும்.

காத்தாயி சனிக்கிழமை வந்தாள். கல்யாணப் பலகாரத்தை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு அழுதாள். மர்ஸூக் நானா வந்து பொடி கொடுத்தாயா என்று கேட்டதற்கு, பிள்ளையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவள் என்று எழுதிவிடுவார் என்று பயந்து, “நாலையும் குடுத்தேன், வெறும் உறைய அடுப்புல போட்டுட்டேன்”னு சொல்லிவிட்டாள். அவரும் அப்படியே எழுதிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை.

இது நடந்ததோடு போயிருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை அவர் வந்து காத்தாயியிடம், “பொடி குடுத்த லயத்துல ஒரு மவுத்து. குடுக்காத லயத்துல ஒண்ணுமில்ல. வார இருபதாந்தேதி கொழும்புல கூட்டம். வருஷம் முடியுமுன்னே பொடிய நிப்பாட்டிருவாங்க போல”ன்னு சொன்னாராம். காத்தாயி அன்றைக்கே வந்து என்னிடம் சொன்னாள்.

அம்மா, என் பிள்ளை பொடி குடித்துச் சாகவில்லை. குடிக்காமல் செத்தான். ஏழாம் லயத்தில் அவன் ஒரு நாளும் படுத்து எழும்பியதில்லை. நாலாம் லயத்தில் படுத்தான். நாலாம் லயத்தில் செத்தான். சீட்டு யாரையும் பார்க்காது என்றீர்களே, அது சரியாகத்தான் விழுந்தது. நாங்கள்தான் மாற்றிச் சொன்னோம்.

எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். “செத்தவன எந்தப் பக்கத்துல எழுதுனா என்னடி, எந்திரிச்சு வரவா போறான்”னு கேட்டார். காத்தாயி மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. பிறகு வந்து, “பொய் சொன்னேன்னு தொரைகிட்டச் சொல்லி வேலையிலருந்து பேரை வெட்டிருவாங்க, எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு”ன்னு அழுதாள். நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். “அந்த ரெண்டுக்கும் அடுத்த மழைக்கு வயிறு போனா என்னத்தடி குடுப்ப?” அவள் எழுந்து போனாள். நேற்று அரிசிப் பானைக்குள்ளிருந்து நாலு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் போடவில்லை. அவளுக்கு மனம் வரவில்லை.

நாலையும் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றும் பிரிக்கவில்லை. மேலே மர்ஸூக் நானா எழுதின நம்பர் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கீழே காத்தாயி பெருவிரல் வைத்திருக்கிறாள். அவளை ஒன்றும் செய்ய விடாதீர்கள். குற்றம் என்று எழுத வேண்டுமானால் என் பேரை எழுதுங்கள். பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தது நான்.

உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பொடி நல்லது என்று கணக்கு சொன்னால், மறுபடி சீட்டுப் போடாதீர்கள். எல்லா லயத்துக்கும் கொடுங்கள். தண்ணீர் கொடுக்கச் சொல்லியாவது கொடுங்கள். அதற்குப் பாக்கெட் வேண்டாமே.

நாளை காலையில் லுணுகலைத் தபால் கந்தோருக்கு நடந்து போய் இதைப் பதிவுத் தபாலில் போடப் போகிறேன். ரோடு இன்னும் சரியில்லை. கிடைத்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரைக்கும் தபால்காரர் வரும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனைப் புத்தகத்தில் மாற்றி எழுதும்போது தவிடன் என்று எழுத வேண்டாம். மனதுக்குள் ஒரு பேர் வைத்திருந்தேன். திரும்ப வாங்கும் அன்றைக்குக் கூப்பிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லாமலே வைத்திருந்தேன். கதிரேசன். தாய் வெள்ளையம்மா, தகப்பன் கந்தப்பன், நாலாம் லயம்.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் கதிர்காமத்தான் காக்கட்டும். எனக்கு இப்போது நாலாம் மாதம். ஆவணியில் மர்ஸூக் நானா புதிதாகப் பேர் எழுத வரும்போது, நாலாம் லயத்துப் பக்கத்தில் ஒரு வரி காலியாக விடச் சொல்லுங்கள். இந்தத் தடவை யார் பிள்ளை என்று அவர் கேட்டால், நானே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களைக் கும்பிடும்
க. வெள்ளையம்மா

காத்தாயி, பெருவிரல் அடையாளம்