கண்ணாடியோடு ஒட்டிய அம்மா படம்

தம்பி,

சோறும் அவித்த முட்டையும் மேடையில் மூடி வைத்திருக்கிறேன். நேற்றும் நீ சாப்பிடவில்லை. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு டைலரிடம் கொடு.

"ஊர்ல இருக்கிறவங்க போட்டோவையெல்லாம் காப்பாத்துற, நம்ம அம்மாவுக்கு மட்டும் உனக்கு நேரமில்ல" என்று கத்தினாயே. நேரமில்லாமல் இல்லையடா, தொடவே பயந்துதான் விட்டுவைத்திருந்தேன்.

அந்தக் காலத்துப் போட்டோவில் உருவம் காகிதத்தில் இருக்காது. அதன் மேல் பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்தில்தான் இருக்கும். சுவர் ஈரத்தில் அது இளகிச் சட்டத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. நான் வேலையிடத்தில் செய்வதைப் பார்த்துத்தான் நீயும் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாய். அது தானாக விடும்வரை பொறுக்காமல் இழுத்துவிட்டாய். புடவையும் கைகளும் காகிதத்தோடு வந்துவிட்டன. முகம் வரவில்லை.

காலையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இனி என்னாலும் ஒன்றும் ஆகாது. அம்மாவுக்கு வேறு படமும் கிடையாது.

சாயங்காலம் சித்தி வருகிறார். "அக்கா மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்" என்று போனில் சொன்னார். டீ போட்டுக் கொடு. நான் வரும்வரை எதுவும் சொல்லாதே, உன்னால் முடியாது.

அக்கா

பி.கு.: ஜன்னல் மேடையில் அந்தக் கண்ணாடியைக் காயவைத்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்க வருகிறவர் அழுக்கென்று கழுவிவிடப் போகிறார், அவர் போகும்வரை பக்கத்திலேயே இரு. அதில் கறைபோலத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதுதான் முகம். ஒரு கண் இன்னும் தெரிகிறது.