கோட்டை வாசலில் ஒரு பனங்காய்

இன்று கெல்லர் நிலவறைக் கதவைத் திறந்ததும் உங்கள் பசை மணம் முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகியும் அந்த மணம் போகவில்லை. மேசை நிறைய நீங்கள் அட்டையில் செய்த மாதிரிக் கோட்டை. பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. இந்த ஜெர்மன் நகரம் பீலெஃபெல்டில் கல்லும் மதிலுமாகச் சக்களத்தி வாய்த்தவள் நான் ஒருத்திதான்.

கோட்டையைக்கூடப் பொறுத்திருப்பேன். கீழ்வீட்டு ஹெல்காவைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. கோட்டை செய்ய உங்களுக்குக் கிடைத்த கூட்டாளி. கலிலேய மலையில் ஜெர்மன் சிலுவைப்போர் வீரர்கள் மொன்ஃபோர் கோட்டையைக் கட்டியது, சுல்தான் பைபார்ஸ் அதை வளைத்துக்கொண்டது, அவருடைய ஆட்கள் மதிலின் அடியைக் குடைந்தது, கடைசியில் வீரர்கள் ஆயுதங்களை விட்டுவிட்டு உயிரோடு வெளியேறியது எல்லாவற்றையும் நீங்கள் அவளோடு அவள் பாஷையான டொச்சில் மணிக்கணக்காகப் பேசுவீர்கள். நான் தேத்தண்ணியோடு படியில் நிற்பேன்.

"என்னப்பா அப்பிடி ஒரு கதை?" என்று கேட்டால், "உமக்கு உது அலுப்படிக்கும். நீர் போய்ப் படும்" என்பீர்கள்.

எனக்கா அலுப்படிக்கும்? யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த நாளில் உங்களுக்குக் கழுத்தை நீட்டியவள் நான். அந்த நாட்களைப் பற்றி என்னிடம் நீங்கள் வாயே திறந்ததில்லை. எல்லாக் கதையையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்று வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தேன்.

ஊரில் நடக்கும் கண்காட்சியில் அதை வைக்க வேண்டுமென்று ஹெல்கா கேட்டபோது நான்தான் சம்மதித்தேன். கோட்டையை எடுத்துப்போக இன்று வந்தாள். ஒவ்வொரு மதிலாகத் தொட்டு எனக்கே விளக்கம் சொன்னாள். வாசலுக்கு வந்ததும் நின்றாள். அங்கே ஒரு சின்னக் குடம். அதன்மேல் பச்சை இலைகள், நடுவில் கறுப்பாக ஓர் உருண்டை.

"இது கவண் எறிந்த கல்லா? எத்தனையோ தடவை கேட்டேன். சிரிப்பாரே தவிர, சொல்லவே மாட்டார்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அது பனங்காய். எங்கள் கல்யாணத்துக்கு வாசலில் நிறைகுடம் வைக்க ஒரு தேங்காய் கிடைக்கவில்லை. வளவில் விழுந்து கிடந்த பனங்காயைக் கழுவி நீங்களே குடத்தின்மேல் வைத்தீர்கள். "ஆர் பாக்கப்போகினம்? நீர் பாத்தால் காணும்" என்றீர்கள்.

ஹெல்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் காரைக் கொண்டுவரப் போன நேரத்தில் கத்தி முனையால் அந்தக் குடத்தை மெல்ல நெம்பி எடுத்துவிட்டேன். இப்போது அது உங்கள் படத்தடியில் இருக்கிறது. ஹெல்கா தேடட்டும்.