அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை

மிளகாய்த்தூள் டப்பா முதல் குடை வரை எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டிய என் அம்மாவுக்கு,

நேற்று நான் ஒரு தப்பு செய்தேன். அப்பாவிடம் அதில் பாதியைத்தான் சொன்னேன். முழுவதையும் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட வேண்டும் என்று அப்பா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படத்தை அனுப்பிவிட வேண்டும். எந்தப் படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிள்ளான் ஸ்டுடியோவில் மாம்பழ நிறப் புடவையில் எடுத்தீர்களே, அதுதான். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதப் போடுங்க. ஐ.சி. கார்டுல இருக்கிற படத்தப் போட்டு மானத்த வாங்கிடாதீங்க" என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அன்று நான் உங்களோடு பேசாமல் இருந்தேன். நினைவிருக்கிறதா?

அந்தப் படம் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில், உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரில் இருந்தது. நான் அதைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். வெள்ளிக்கிழமை நித்யா அக்கா செமினியில் இருக்கும் காலேஜிலிருந்து போன் செய்தாள். "நான் நாளைக்கு வந்து எடுத்துத் தரேன்ப்பா. எனக்குத்தான் அது திறக்கும்" என்றாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

எனக்குத்தானாம். அவள் காலேஜ் போய் இரண்டு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவது நான். நீங்கள் படுத்திருந்த நாளெல்லாம் உங்களுக்குத் தலை வாரிவிட்டது நான். அவளுக்கு மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

நேற்றுக் காலை அப்பா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும் அவருடைய கணக்கில் நுழைந்தேன். நம் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் அந்தக் கணக்குக்குத்தான் உண்டு. அதன் கடவுச்சொல் என் பிறந்த நாள். அக்காவின் பிறந்த நாள் இல்லை. இதையும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இணையத்தில் படித்ததை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஃபோல்டர் மேல் வலது கிளிக், பிறகு 'செக்யூரிட்டி'. முதலில் அதன் உரிமையாளரை மாற்ற வேண்டும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டேன். மூடித் திறந்ததும் யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல் வந்தது. இரண்டே பெயர்கள். ஒன்று நீங்கள். அடுத்தது நித்யா. முழு அதிகாரம், எல்லாக் கட்டத்திலும் டிக்.

நான் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் நான் இல்லை.

படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் நான் அக்காவின் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். என் பெயரைச் சேர்த்தேன். அதுவும் போதவில்லை. இனி வேறு யாருமே திறக்கக் கூடாது என்று 'எவ்ரிவன்' என்பதையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் தடை என்று டிக் போட்டேன். என் பெயருக்குத் தனியாக அனுமதி கொடுத்திருக்கிறேனே, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஓர் எச்சரிக்கை வந்தது. பிஸ்கட் டின்னின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற நான், அதைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்தினேன்.

'எவ்ரிவன்' என்றால் அதில் நானும் அடக்கம்; தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். அதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்லியிருக்கிறது. ஃபோல்டர் எனக்கும் திறக்கவில்லை, அப்பாவின் கணக்கிலும் திறக்கவில்லை. உங்கள் முகத்தை நானே பூட்டிவிட்டேன். நாளை பேப்பரில் உங்கள் ஐ.சி. அடையாள அட்டைப் படம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். பாசாரிலிருந்து வந்த அப்பாவிடம் ஃபோல்டரைத் தெரியாமல் பூட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன், அக்காவின் பெயரை எடுத்ததைச் சொல்லவில்லை.

அக்கா வந்து இறங்கும்போது மணி இரண்டு. பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபோல்டர் அவளுக்கும் திறக்கவில்லை. அப்பாவின் கணக்கில் நுழைந்து பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் பேரு எங்க?"

"நான்தான் எடுத்தேன்."

"ஏன்டி?"

"அம்மா உனக்கு மட்டும் கொடுத்திருக்காங்க."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. உரிமையாளர் இன்னும் அப்பாதான், உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் பட்டியலைத் திருத்தலாம் என்று சொல்லிக்கொண்டே அந்தத் தடை வரியை நீக்கினாள். ஃபோல்டர் திறந்தது. படத்தை எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினாள். மூட மாட்டாளா என்று காத்திருந்தேன். அவள் உள்ளே இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். அதற்கு நீங்கள் வைத்திருந்த பெயர் 'பிறகு'.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கடிதம். யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நீங்கள் தட்டி வைத்த பட்டியல், உங்களுக்குக் கடைசியாக எந்தப் புடவை கட்டிவிட வேண்டும் என்பது உட்பட. எனக்குச் சொன்னதெல்லாம் ரத்தம் குறைவு, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்பதுதானே?

"இதுக்குத்தான்டி என் பேரு. மூணு மாசம் இத வச்சிக்கிட்டு நடிச்சேன். அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. இதுக்கா பொறாமப்பட்ட?" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

உங்கள் பட்டியலின் கடைசி வரியை நானே படித்தேன். 'யாழினிக்கு, பேச்சுப் போட்டி முடிந்ததும், நானே சொல்ல வேண்டும்.' போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள்.

எல்லாம் புரிந்துவிட்டது, பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உங்களிடம் பொய் எழுத வரவில்லை. நேற்றைவிட இன்று எனக்கு அக்காமேல் அதிகப் பொறாமை. அவள் உங்களோடு சேர்ந்து அழுதிருக்கிறாள். விடைபெறுகிறோம் என்று தெரிந்தே உங்கள் கையைப் பிடித்திருக்கிறாள். நான் அந்த மூன்று மாதமும் 'அவையோர்களே' என்று உங்கள் கட்டிலின் முன்னால் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டபோது ரசிக்கிறீர்கள் என்று நினைத்தேன். வலித்ததா, அம்மா? என்னை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?

இன்று காலைப் பேப்பரில் மாம்பழப் புடவையில் வந்திருக்கிறீர்கள். அப்பா நான்கு பேப்பர் வாங்கி வந்தார்.

மதியம் நானும் அக்காவும் அந்தப் பட்டியலைச் சரிசெய்தோம். உரிமையாளர் மறுபடியும் நீங்கள்தான். அனுமதியில் முதலில் நீங்கள். அடுத்தது நித்யா, எல்லாக் கட்டத்திலும் டிக்; அதை நானே போட்டேன். அவளுக்குக் கீழே நான். எனக்கும் முழு அதிகாரம் தருவதாக அக்கா சொன்னாள். வேண்டாம் என்றேன். படிக்கும் அனுமதி மட்டும் வைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன். 'பிறகு' ஃபோல்டரில் நீங்கள் எழுதிய கடைசி வரி அப்படியே இருக்கும், யாரும் அழிக்க மாட்டோம். போட்டி முடிந்துவிட்டது, நான் கேட்கக் காத்திருக்கிறேன். அதுவரை அக்கா அழுதால், அவள் பக்கத்தில் நான் இருப்பேன்.

பட்டியலில் மூன்றாவதாக இருக்கும்
உங்கள் சின்ன மகள்,
யாழினி