கோமதியின் வயது

8-7-96, திங்கள்
விடியற்காலையிலிருந்து சாரல். பாபநாசம் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. வேட்டி மூன்று நாளாகக் காயவில்லை.

செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய். சைக்கிள் பிரேக் கட்டை. இன்சூரன்ஸ் பாரம்.

பாரம் கொண்டுவந்தது சாமுவேல் அண்ணாச்சி. எங்கள் பஞ்சு மில்லில் நூற்பு மேஸ்திரியாக இருந்தவர், இப்போது ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். மழைக்கோட்டைக் கழற்றிப் பாரங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தார். இந்த மனுஷனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

மில் டிஸ்பென்சரியில் ரிட்டயர் ஆன எங்களுக்கு இருமல் மருந்து, மாத்திரை உண்டு. படுக்கை, ஆபரேஷன் கிடையாது. அந்த மிச்சத்துக்குத்தான் இந்தக் குரூப் இன்சூரன்ஸ். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும். நிபந்தனை: அறுபது ஆகியிருக்கக் கூடாது. வயதுக்கு அத்தாட்சி. எனக்குப் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட். கோமதிக்கு ஜாதகம் போதுமாம்.

“இருபத்தாறு பாரம் வாங்கியாச்சி வே. பத்தொன்பது பேரு ஜூன் ஒண்ணாந்தேதி பிறந்திருக்கான்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் ஜூன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி.

எனக்கு வேண்டியது கோமதிக்கு ஒரு பாதுகாப்பு. போன வருஷம் மதனிக்குப் பாளையங்கோட்டையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு வழியில்லை. தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, போய்ச் சேர்ந்தாள். அந்த நிலைமை இங்கே வரக்கூடாது.

9-7, செவ்வாய்
மழை விட்டு விட்டு. டிரங்குப் பெட்டியில் ஜாதகத்தைத் தேடி எடுத்தேன். கணக்குப் போட்டால் 56. எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். அடியில் பொடி எழுத்து உட்பட. அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.

“மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு போட்டிருக்கே. இதுக்குக் கீழே நான்லா கையெழுத்துப் போடணும்?”

“ஆமா.”

“அப்பம் முடியாது. அந்த ஜாதகம் என்னது இல்ல.”

அவளுக்குச் சிவகாமி என்று ஒரு தங்கை. நாலு வயது இளையவள். சின்னதிலேயே காய்ச்சலில் போய்விட்டாளாம். கோமதிக்கு நட்சத்திரம் மூலம், மாமனாருக்கு ஆகாது என்று நாலைந்து இடம் தட்டிப் போயிருக்கிறது. அவள் அப்பா அவள் ஜாதகத்தை அடுப்பில் போட்டுவிட்டு, செத்த பிள்ளையின் ஜாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கோமதிக்கு இப்போது அறுபது.

நாற்பது வருஷம்! பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே. “பதினாறு வயசுக்கு நல்ல வளர்த்தி” என்றும் சொன்னாள். வளர்த்தியாவது மண்ணாவது.

கத்தினேன். சாப்பிடவில்லை.

10-7, புதன்
பேசவில்லை. தலை வலி. ஆற்றில் வெள்ளம், துறையில் மேல்படிதான் வெளியே தெரிகிறது. குளிக்காமல் திரும்பினேன்.

சாயந்தரம் அவளாகவே வந்து உட்கார்ந்தாள். “உங்க சர்ட்டிபிகேட்டுல மூணு வயசு கம்மின்னு அத்தை எங்கிட்டச் சொல்லியிருக்காவ. நான் என்னிக்காவது கேட்டேனா?”

அந்த மூன்று வயதால் மூன்று வருஷம் கூடுதலாக மில்லில் இருந்தேன். உள்ளபடி எனக்கு 61.

“ஆஸ்பத்திரியில கெடக்கும்போது கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிக் கைய விரிச்சா நீங்க என்ன செய்விய? அதை விடுங்க. எனக்குன்னு ஒரு தங்கச்சி இருந்தான்னு இந்த வீட்டுல வாய் தொறக்க முடிஞ்சுதா? அவ பேரைச் சொல்லி ஒருநாள் அழல. போதும்.”

பிறகு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். என் அப்பா 82 வயது வரை இருந்தார். கடைசி நாலு வருஷம் படுக்கை. மாமனாருக்கு ஆகாதவள் என்று ஜாதகம் சொன்ன இவள் கையால்தான் கஞ்சி. வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

என்ன பொம்பளை இவள். நான் இவளிடம் கத்தியது தப்பு.

11-7, வியாழன்
கல்லிடைக்குறிச்சி போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேடு கரையான் பாதி, எழுத்து பாதி. அவள் பெயர் பிழைத்திருந்தது. வயது அவள் சொன்னபடியேதான். ஹெட்மாஸ்டர் நகல் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். வரும்போது ஒரு கட்டு அப்பளம்.

அறுபது என்று பாரத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். நிறுத்தி, அழுத்தி.

12-7, வெள்ளி
சாமுவேல் அண்ணாச்சி பாரத்தைப் பார்த்துவிட்டுக் கோமதியிடம் திரும்பினார். “தங்கச்சி, இது போனா தள்ளிருவாம்மா. பழைய வயசே இருக்கட்டுமே?”

“தள்ளட்டும் அண்ணாச்சி. இவுக மட்டும் சேரட்டும்.”

அண்ணாச்சி பாரத்தை மடித்துப் பையில் வைத்தார்.

17-7, புதன்
வெயில். வேட்டி காய்ந்தது.

அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். “ஏ வே, உம்ம வீட்டம்மா ஒரு உண்மையைச் சொன்னாலும் சொன்னா, ஒன்பது பொம்பளைக பாரத்தைத் திருப்பிக் கேக்காளுவ. எல்லாருக்கும் வயசு கூடுது!” குழாயடியில் கோமதி பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று கேட்டேன். “ஒளிச்சி வச்சது போதும்னேன்” என்றாள். அவ்வளவுதான்.

அண்ணாச்சி எல்லாப் பாரத்தையும் கட்டிக்கொண்டு நாளை திருநெல்வேலி ஆபீஸுக்குப் போகிறார்.

19-7, வெள்ளி
அண்ணாச்சி இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார். சங்கம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்தால் மனைவிமாருக்கு 65 வரை கம்பெனிக்குச் சம்மதமாம். மனைவிமாருக்கு மட்டும். கோமதி அண்ணாச்சிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். உள்ளபடி 61 ஆன எனக்கு அதில் இடமில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

5-8, திங்கள்
அட்டை வந்துவிட்டது. ஒரே அட்டையில் இரண்டு பேரும். என் வயது 58. மனைவி கோமதி, 60.

வாங்கப் போன இடத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். “என்ன வே, அக்காவையா கட்டியிருக்கீரு?” ஒரே சிரிப்பு. தெரு முழுக்க வந்துவிட்டது பேச்சு. வாசலில் நின்ற கோமதியிடமே ஒருத்தர் கேட்டார்.

“ஆமா, நான்தான் மூத்தவ. அதான் நான் சொன்னபடி கேக்காவ” என்று அவளும் சிரித்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

உள்ளபடி நான் ஒரு வயது மூத்தவன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று வருஷச் சம்பளம், இந்த அட்டை, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவன் பெயரையெல்லாம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அட்டையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறாள். அவள் வயது சரியாக எழுதப்பட்ட அட்டை. அதில் பொய் ஒன்றுதான் பாக்கி, என்னுடைய 58. அதையும் அவள்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.