வெறும் கதிரைக்கான ஜெபம்

பென்டில் ஹில்
புதன்கிழமை

அன்புள்ள உமக்கு,

ட்ருகனினாவில் தன் வீட்டுப் பக்கம் குளிர் கூடிவிட்டதாக மகள் சொன்னாள். உமது நீலச் சுவெற்றர் இங்கேயே கிடக்கிறது. அனுப்பட்டுமா, எடுக்க வருவீரா?

சபை ஊழியர் கூட்டத்தில் போதகராக நான் கொண்டுவந்த வழக்கம் உமக்குத் தெரியும். யார் வராமல் அவர் உட்காரும் கதிரை வெறுமையாக இருக்கிறதோ, அவருக்காகத்தான் முதல் ஜெபம். ஏழு வருடமாக அவர்களை அப்படித்தான் பழக்கினேன்.

நேற்று நான் பிந்திப் போனேன். கதவடியிலேயே, ஊழியர்களில் ஒருத்தியான சயந்தினி ஜெபிக்கும் குரல் கேட்டது.

"ஆண்டவரே, பாஸ்ரர் வீட்டில தனிய இருக்கிறார். ஒழுங்காச் சாப்பிடுறாரோ தெரியாது. அன்ரியின்ர மனதை ஆற்றி, திரும்பக் கூட்டிக்கொண்டு வாரும்."

நீர் பேரனைப் பார்க்கப் போயிருப்பதாகத்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

ஆமென் சொல்லும்வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சயந்தினி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். துக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று மத்தியானம் சாப்பிட இருந்தபோது எதிரில் உமது கதிரை. எட்டு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன். அந்த வெறும் கதிரைக்காக நான் ஒருநாளும் ஜெபிக்கவில்லை.

உமது பதிலை எதிர்பார்க்கும்,
கணவன்