கீழ்க்கட்டிலுக்கும் கேட்கும்படி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்குங்கள். “இருக்கு, இருக்கு” என்று சமாளிக்காதீர்கள்.

இதைப் போனில் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் வெல்டர் அண்ணனின் அம்மா போன வாரம் தவறிவிட்டார். லீவு கிடைக்கவில்லை. இறுதிச் சடங்கைப் போனிலேயே பார்த்தார். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்.

அவர் எதிரே வீட்டுக்குப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அறையில் மீதி ஆறு பேரும் மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினோம். பெரிய நாகரிகம் என்று நினைப்பு. நான்காம் நாள் அவரே படிக்கு வந்தார்.

“ஏம்ப்பா, எங்கம்மா போனதுக்கு உங்க அம்மாங்களையும் ஏன் வெளிய அனுப்பிட்டீங்க? ரூம்லயே பேசுங்க. காது சும்மாதான கெடக்கு.”

உள்ளே போனோம்.

ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் வைப்பேன். எடுத்ததும் “சாப்பிட்டியா” என்றுதானே கேட்பீர்கள்? அதைக் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை நான் பதில் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்